வின்னிபெக்கில் என் டிரெஸ்ஸிங் ரூம் கவிழ்ந்து கிடக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வடசேரி_பஸ்ஸ்டாண்டு
ஞாயிறு, இரவு 11:40

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஐஸ் ஹாக்கி. ஹாக்கி என்று எழுதினாலே உடனே கோவில்பட்டிக்குப் போய்விடுவீர்கள் என்பதால் இந்த முன்ஜாமீன்.

நான் விளையாடுவது ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜர், ஆட்டக்காரனை வாங்கி விற்று அணியை நடத்துகிற கேம், 2015 இல் ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் வந்தது, ஃபுட்பால் மேனேஜர் செய்கிற ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் ஆட்களுடைய கேம்தான். பழசு என்பது தெரியும், என் லேப்டாப்பும் பழசு, இரண்டுக்கும் பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. அணி வின்னிபெக் ஜெட்ஸ், கனடா அணி, என்எச்எல் என்கிற வட அமெரிக்கப் பெரிய லீகில் ஆடுவது. ஏன் வின்னிபெக் என்றால், சித்தப்பா மகன் அங்கே படிக்கிறான். ஜனவரியில் வீடியோ கால் போட்டு மைனஸ் முப்பது என்று போனில் காட்டுவான், நான் இங்கே பனியனோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். அவன் மேல் பரிதாபப்பட்டு எடுத்த அணி.

இப்போது ஆறாவது சீசன். அணியில் பாதிக்கு மேல் கேமே உருவாக்கிய ஆட்கள், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. போன கோடையில் கேப்டனை விற்றேன். வயது 33, சம்பளம் கூடுதல், கோலும் குறைந்துவிட்டது. அந்த இடத்தில் இரண்டு ஃபார்வர்டு வாங்கினேன், ஒருத்தனுக்கு ரிஸ்ட் ஷாட் 18, இன்னொருத்தனுக்கு ஸ்டிக்ஹேண்ட்லிங் 17. மார்க்கே இருபதுக்குத்தான், அதனால் இது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். கப்பு நமக்குத்தான் என்று நான் வேலை பார்க்கிற போன் ரிப்பேர் கடையில் பக்கத்து சீட்காரனிடம் சாயா பந்தயம் கூடக் கட்டிவிட்டேன்.

14 ஆட்டம் முடிந்துவிட்டது. 3 வெற்றி. கடைசி எட்டும் தோல்வி. மொரால் பக்கத்தைத் திறந்தால் மேலிருந்து கீழ் வரை சோகம். வாங்கிய இரண்டு பேரில் ஒருத்தன் 14 ஆட்டத்தில் ஒரே கோல், இன்னொருத்தன் வேறு அணிக்கு அனுப்பு என்று கேட்கிறான். டாக்டிக்ஸ் நாலு தடவை மாற்றிவிட்டேன், லைனை, அதாவது யாரோடு யார் சேர்ந்து இறங்குவது என்பதை, தினமும் மாற்றுகிறேன். யாரை விற்கலாம், யாரை வாங்கலாம் என்று சொல்லுங்கள். ஆட்டக்காரர் பட்டியல் முழுவதையும் தனி இணைப்பாகப் போட்டிருக்கிறேன்.


குளச்சல்_ஸ்ராங்கு
திங்கள், அதிகாலை 1:15

பட்டியலைப் பார்த்தேன். 23 ஆட்டக்காரனும் இருக்கிறான். கோச் யார், ஆள் தேடிப் பார்க்கிற ஸ்கவுட் யார், பிசியோ யார்? அதைக் காணோமே மக்கா.


வடசேரி_பஸ்ஸ்டாண்டு
திங்கள், காலை 9:05

அண்ணே, ஸ்டாஃப் பெரிதாக ஒன்றும் இல்லை. அசிஸ்டன்ட் கோச் ஒருத்தர், இரண்டு வருடத்துக்கு முன்னால் சம்பளம் குறைவு என்று எடுத்தது. பிசியோ ஒருத்தர், நான் வந்தபோதே இருந்தார். ஸ்கவுட் மூன்று பேர், மூன்று பேரும் கனடா, அமெரிக்கா பக்கம்தான் பார்க்கிறார்கள். நாலாவதாக ஒருத்தர் இருந்தார், ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்க மறந்துவிட்டேன். ஸ்டாஃப் மாற்றினால் கோல் விழுமா என்ன?


சுங்கான்கடை_பானை
திங்கள், காலை 9:20

எட்டுத் தோல்வியா. எங்கள் தெரு கிரிக்கெட் டீம் கூட மழை வந்தால் ஒன்றிரண்டு தப்பிக்கும். நான் இந்த இழையில் சாயாவோடு உட்கார்ந்துவிட்டேன்.


குளச்சல்_ஸ்ராங்கு
திங்கள், இரவு 10:50

தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இந்தப் பக்கம் தடைக்காலம், விசைப்படகு கரையில் கிடக்கிறது. பகலில் வலை பின்னுவது, எஞ்சின் வேலை, பெயின்ட். ராத்திரி ஹாக்கி. வருடத்தில் எனக்கு 61 நாள்தான் இந்த கேம்.

நீ 18, 17 என்று ஒரு நம்பர் சொன்னாயே, அந்த நம்பரை உனக்குச் சொன்னது யார்? புது சேவ், அதாவது புது ஆட்டம் தொடங்கும்போது ஆட்ரிபியூட் (திறமை மார்க்) மறைக்கிற ஆப்ஷனை டிக் பண்ணியிருப்பாய். பண்ணியிருந்தால் நீ பார்ப்பது ஆட்டக்காரனை இல்லை. உன் ஸ்கவுட் பார்த்துவிட்டு வந்து சொன்ன அளவுதான் உனக்குத் தெரியும். ஸ்கவுட்டின் பக்கத்தைத் திறந்து பார், அவனுக்கும் இருபதுக்கு மார்க் உண்டு. ஒன்று, இன்றைக்கு ஆட்டக்காரனுக்கு என்ன திறமை என்று மதிப்பிடுவது. இன்னொன்று, நாளைக்கு எங்கே போவான் என்று மதிப்பிடுவது. இரண்டும் தனித்தனி. முதல் மார்க் நல்லதாக இருந்து இரண்டாவது மட்டமாக இருக்கிற ஸ்கவுட்டை, அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கிற டிராஃப்டுக்கு அனுப்பினால், பதினெட்டு வயதில் நன்றாக ஆடுகிற பையனை எல்லாம் நட்சத்திரம் என்று எழுதிக்கொண்டு வருவான். அந்தப் பையன் இருபத்தைந்திலும் அதே மாதிரிதான் ஆடுவான். வளர்ந்து முடிந்தவனை விதை என்று வாங்கி வைத்திருப்பாய்.

இதை நான் கடலில்தான் கற்றுக்கொண்டேன். ஸ்ராங்கு என்றால் ஊரில் எல்லாரும் ஸ்டியரிங் பிடிக்கிறவன் என்று நினைக்கிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் என்ன தெரியும், கறுப்பு. ஸ்க்ரீனில் மீன் காட்டுகிறது என்று ஒருத்தன் சொல்கிறான், ஒயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்காரன் என்ன சொன்னான் என்று இன்னொருத்தன் சொல்கிறான், ஐஸ் இன்னும் எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று கீழே இருக்கிறவன் சொல்கிறான். இந்த மூன்று பேரும் சொல்வதை வைத்துத்தான் நான் வலை போடுகிறேன். ஒரு தடவை ஐஸைப் பார்க்கிற பையன் ஊருக்குப் போய்விட்டான், கைக்கு வந்த ஒருத்தனை ஏற்றினேன். நாலு நாளைக்குத் தாங்கும் என்றான். மூன்றாவது நாள் காலை மூடியைத் திறந்தால் மேல் அடுக்குக் கணவாய் எல்லாம் சிவப்பு தட்டிப்போய் ஒரு வாடை. அந்தப் பயணத்தில் மீனுக்குக் குறைவில்லை. டீசல், ஐஸ், சாப்பாடு செலவைக் கழித்த பிறகு பங்கு பிரிக்கத்தான் ஒன்றும் இல்லை. நான் வலையை மாற்றியிருந்தால் சரியாகியிருக்குமா?

நீ இப்போது தினமும் வலையை மாற்றுகிறாய்.

நிஜத்திலும் இதுதான் கதை. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 1998 டிராஃப்டில் 171 ஆவது ஆளாக பாவெல் தட்சுக்கை எடுத்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் எல்லா அணியும் தாண்டிப் போன ரஷ்யப் பையன். அடுத்த வருடம் 210 ஆவது ஆளாக ஹென்ரிக் செட்டர்பெர்க். ஏழாம் சுற்று, மண்டபத்தில் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். இரண்டு பேருக்கும் பின்னால் இருந்தது ஹகான் ஆண்டர்சன் என்கிற ஸ்வீடன்கார ஸ்கவுட். 2008 இல் டெட்ராய்ட் கப்பு வாங்கியபோது பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது செட்டர்பெர்க்குக்கு. மேனேஜர் கெட்டிக்காரர் என்று எல்லாரும் சொன்னார்கள், சரிதான், ஆனால் அவர் ஸ்வீடனிலும் ரஷ்யாவிலும் ஒவ்வொரு ஐஸ் மைதானமாக ஏறி இறங்கவில்லையே. ஏறி இறங்கியவன் சொன்னதை நம்பினார்.

உன் மூன்று ஸ்கவுட்டின் மார்க்கையும் போடு. அசிஸ்டன்ட் கோச்சுடையதையும்.


மார்த்தாண்டம்_லெட்ஜர்
செவ்வாய், காலை 7:30

ஸ்ராங்கு அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் காசு விஷயத்துக்கு வருகிறேன், தொழில் அப்படி. உங்கள் பட்டியலில் ஒரு விஷயம் உறுத்துகிறது. போன சீசனில் உங்கள் மூன்றாவது லைனில் ஒரு சென்டர் இருந்தான், ஃபேஸ்ஆஃப் 16, முன்பு ஒரு பதிவில் அவனைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். இப்போது பட்டியலில் இல்லையே, எங்கே?


வடசேரி_பஸ்ஸ்டாண்டு
செவ்வாய், காலை 10:10

அது ஒரு வயிற்றெரிச்சல் அண்ணே. அவனுக்கு டூ வே ஒப்பந்தம்தான் போட்டிருந்தேன். சீசன் தொடங்கும்போது இடம் இல்லை, ஃபார்ம் டீமுக்கு, அதாவது நமக்குக் கீழ் அணியான மானிடோபா மூஸுக்கு அனுப்பினேன். மூஸும் வின்னிபெக்கில் அதே ஸ்டேடியத்தில்தான் ஆடுகிறது, பக்கத்து ரூமுக்கு அனுப்புகிற மாதிரி. மறுநாள் பார்த்தால் வேறொரு அணி தூக்கிக்கொண்டு போய்விட்டது. டூ வே என்றால் மேலேயும் கீழேயும் போகலாம் என்றுதானே அர்த்தம்?


மார்த்தாண்டம்_லெட்ஜர்
செவ்வாய், மதியம் 2:00

இல்லை! இந்த ஒரு தப்பை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று எண்ணினால் விரல் போதாது. டூ வே என்பது சம்பளத்தைப் பற்றியது மட்டும். மேல் அணியில் இருந்தால் ஒரு சம்பளம், கீழ் அணியில் இருந்தால் வேறு, குறைந்த சம்பளம். அவ்வளவுதான். அவன் வேவர்ஸில், அதாவது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்கிற பட்டியலில், போக வேண்டுமா வேண்டாமா என்பதற்கும் அந்த ஒப்பந்த வகைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வேவர்ஸைத் தீர்மானிப்பது, எந்த வயதில் முதல் ஒப்பந்தம் போட்டான், அதற்குப் பிறகு எத்தனை வருடம், எத்தனை ஆட்டம் ஆடினான் என்கிற கணக்கு. 18 வயதில் கையெழுத்துப் போட்ட ஸ்கேட்டருக்கு (கோல்கீப்பர் அல்லாதவனுக்கு) ஐந்து சீசன் அல்லது 160 என்எச்எல் ஆட்டம், எது முதலில் வருகிறதோ அதுவரை விலக்கு. கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்குக் கணக்கு வேறு, 18 என்றால் ஆறு சீசன் அல்லது 80 ஆட்டம். வயது கூடக் கூட விலக்குக் காலம் குறையும். அது தீர்ந்தவனைக் கீழே அனுப்பினால் 24 மணி நேரம் மற்ற எல்லா அணியும் பார்க்கும், யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம், பதிலுக்கு உங்களுக்கு ஆட்டக்காரன் யாரும் வர மாட்டான். அனுப்புவதற்கு முன் அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே அழுத்தியிருப்பீர்கள். நானும் அழுத்தியிருக்கிறேன், என் கோலி போனான், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, என்ன என்று வீட்டுக்காரி கேட்டாள், கோலி போய்விட்டான் என்றேன், கோழி என்று நினைத்துத் தோட்டத்தில் போய்த் தேடியிருக்கிறாள்.

இன்னொன்று. உங்களுடைய டிராஃப்ட் பையன்கள் இரண்டு பேர் 18, 19 வயது, கனடா ஜூனியர் லீக்கிலிருந்து வந்தவர்கள் என்று நினைக்கிறேன். அவர்களை மூஸுக்கு அனுப்பலாம் என்று இருக்க வேண்டாம். கேம் வந்த காலத்து நிஜ விதிப்படி அந்த வயதில் ஒன்று மேல் அணியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவன் வந்த ஜூனியர் அணிக்கே திரும்ப வேண்டும், நடுவில் நிற்க இடம் கிடையாது. ஜூனியருக்குத் திரும்பினால் ஒரு லாபமும் உண்டு, மேலே பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் அவனுடைய மூன்று வருட முதல் ஒப்பந்தம் அந்த வருடம் ஓடாது, அப்படியே தள்ளிப்போகும். மலிவான வருடத்தைச் சேமிக்கிற மாதிரி. ஒன்பதாவது ஆட்டத்தோடு நிறுத்தி யோசியுங்கள்.

கேப், அதாவது ஒரு அணி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்கிற மொத்தச் சம்பள உச்சவரம்பு, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2004-05 சீசன் முழுவதும் சம்பளத் தகராறில் ஒரு ஆட்டம்கூட நடக்காமல் போன பிறகுதான் இந்த உச்சவரம்பு வந்தது, முதல் வருடம் 39 மில்லியன் டாலர், 2025-26 இல் 95.5 மில்லியன். எண் கூடினாலும் சூத்திரம் ஒன்றுதான்: ஸ்டாஃபின் சம்பளம் இந்தக் கேப்பில் சேராது. நீங்கள் ஸ்கவுட்டிலும் கோச்சிலும் மிச்சம் பிடித்து ஆட்டக்காரனுக்குக் கொடுக்கவே முடியாது, அது வேறு பெட்டி. கேப் இல்லாத பெட்டியில் கஞ்சத்தனம், கேப் இருக்கிற பெட்டியில் தாராளம். ரப்பர் பாலுக்குக் கப்பு வாங்கக் கணக்குப் பார்த்துவிட்டுப் பாலைத் தரையில் விடுகிற மாதிரி.


பேச்சிப்பாறை_ஷட்டர்
செவ்வாய், இரவு 9:45

எல்லாரும் ஸ்டாஃப் ஸ்டாஃப் என்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஐஸ் ஹாக்கியில் பாதி வேலை கோலி. நல்ல கோலி இருந்தால் பிசியோவுக்குப் பதில் எங்கள் ஊர் வைத்தியரை உட்கார வைத்தாலும் பிளேஆஃப் போகலாம்.

செயின்ட் லூயிஸ் புளூஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 3 அன்று லீகிலேயே கடைசி இடம். ஜோர்டன் பின்னிங்டன் என்று ஒருத்தன், 25 வயது, ஃபார்ம் டீமில் கிடந்தவன். ஜனவரி 7 அன்று முதல் தடவையாகத் தொடக்க கோலியாக இறங்கினான். ஜூனில் கப்பு, அந்தக் கிளப்பின் வரலாற்றில் முதல் கப்பு. கோலி ஒருத்தன் மாறினான், கதையே மாறியது. தம்பி, உன் கோலியை மாற்று, ஒரு நல்ல ஆளைப் பிடி, மற்றதெல்லாம் தானாக வரும்.


குளச்சல்_ஸ்ராங்கு
செவ்வாய், இரவு 11:30

அதே கதையை முழுசாகச் சொல்லும் ஓய். நவம்பரில் தலைமைக் கோச் மைக் யோவை அனுப்பினார்கள், கிரெய்க் பெரூபே தற்காலிகக் கோச்சாக வந்தார். பின்னிங்டனை இறக்கியது அந்தப் புதுக் கோச். அப்புறம் அதற்கு முந்தின சீசனில் புளூஸுக்குச் சொந்தமாக ஃபார்ம் டீமே சரியாக இல்லை, பின்னிங்டனைப் பாஸ்டனின் ஃபார்ம் டீமான பிராவிடன்ஸில் கடனாக விட்டு வைத்திருந்தார்கள். அங்கே அவன் எப்படி ஆடுகிறான் என்று பார்த்து, விட்டுவிடாமல் திரும்ப அழைத்தவன் ஒருத்தன் இருந்திருப்பான் அல்லவா. கடைசியில் பைனலில் யாரைத் தோற்கடித்தார்கள்? பாஸ்டனை. பாஸ்டன்காரர்கள் ஒரு வருடம் முழுக்க அவனைத் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

கோலி முக்கியம் என்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எந்தக் கோலி என்று உமக்கு யார் சொல்வது, அதுதான் கேள்வி.


பேச்சிப்பாறை_ஷட்டர்
செவ்வாய், இரவு 11:48

அந்தப் பாஸ்டன் விஷயம் எனக்குத் தெரியாது. சரி, ஒரு ஷட்டர் இறக்கிக்கொள்கிறேன். முழுசாக இல்லை.


தக்கலை_பிடி_டீச்சர்
புதன், மாலை 5:20

நான் கேமில் உங்கள் அளவுக்கு ஆள் இல்லை, இரண்டு சேவ்தான் ஓட்டியிருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன் (ஆமாம், புல்தரை, மன்னிக்கவும், புல் கூட இல்லை, செம்மண்). ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லையே என்றுதான் எழுதுகிறேன். தம்பி, கேப்டனை விற்றாயே, அவனுடைய லீடர்ஷிப் எத்தனை? விற்ற பிறகு கேப்டன் பட்டையை யாருக்குக் கொடுத்தாய்?

போன வருடம் என் டீமில் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஆட்டம் சுமார்தான், பாதி நேரம் பெஞ்சில். வட்டார ஆட்டத்துக்கு ஆள் குறைக்க வேண்டிவந்தபோது அவளை விட்டுவிட்டு நன்றாக ஓடுகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை எடுத்தேன். வேனில் ஏறியதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாகப் பாட்டு, கூச்சல், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. அன்றைக்குப் பதினைந்து பிள்ளைகளும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அங்கே போய் இறங்கினால் ஒருத்தி ஷின் பேட் கொண்டு வரவில்லை, இன்னொருத்திக்குத் தண்ணீர் பாட்டில் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இதையெல்லாம் முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருத்தியிடமும் கேட்டுச் சரிபார்த்தது அந்தப் பெஞ்சுப் பிள்ளைதான். நான் மூன்று வருடமாக அதைப் பார்த்ததே இல்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம்.

கேமில் இதற்கு நம்பர் இருக்கிறது. லீடர்ஷிப், டீம்வொர்க், டிட்டர்மினேஷன் எல்லாம் ஸ்க்ரீனிலேயே காட்டுகிறது, நாம் ரிஸ்ட் ஷாட்டை மட்டும் பார்க்கிறோம். எனக்கு அந்த நம்பர்கூட இல்லை.

அப்புறம் உன் பதினெட்டு வயதுப் பையனை நாலாவது லைனில் வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. ஆட்டத்துக்கு ஐந்தாறு நிமிடம் ஆடி அவன் என்ன கற்றுக்கொள்வான்? லெட்ஜர் சார் சொன்ன மாதிரி ஜூனியருக்கே அனுப்பு, அங்கே முதல் லைனில் இருபது நிமிடம் ஆடட்டும். பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைத்து வளர்க்க முடியாது, நான் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன்.


சுங்கான்கடை_பானை
புதன், மாலை 6:00

அந்தப் பதினோராம் வகுப்புப் பிள்ளை இந்த வருடம் டீமில் இருக்கிறதா டீச்சர்?


தக்கலை_பிடி_டீச்சர்
புதன், மாலை 6:15

கேப்டன். பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை வருடம், அவள் அம்மாவிடம் போய்க் கெஞ்சி வாங்கினேன்.


வடசேரி_பஸ்ஸ்டாண்டு
வியாழன், இரவு 12:20

எல்லாரும் சொன்னதைப் படித்துவிட்டு இன்றைக்குக் கடையிலிருந்து வந்ததும் ஒரு ஆட்டம் கூட ஆடாமல் ஸ்டாஃப் பக்கத்தை மட்டும் மூன்று மணி நேரம் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஸ்கவுட் மூன்று பேர். இன்றைய திறமையை மதிப்பிடுவது 13, 11, 9. எதிர்காலத்தை மதிப்பிடுவது 8, 6, 6. நான் புதுப்பிக்க மறந்து விட்டுவிட்டேன் என்றேனே, அந்த நாலாவது ஆள், அவர் இப்போது வேறொரு அணியில் இருக்கிறார், பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 16, 17. ஐரோப்பாவை முழுக்க அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டு வருடம் நான் டிராஃப்டில் எடுத்த நல்ல பையன்கள் எல்லாம் ஃபின்லாந்து, ஸ்வீடன். நான் என்னைத்தான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அசிஸ்டன்ட் கோச்: ஃபார்வர்டுக்குச் சொல்லிக்கொடுப்பது 12, டிஃபென்ஸ் 9, கோலிக்குச் சொல்லிக்கொடுப்பது 2. இரண்டு! மோட்டிவேஷன் 5. ஷட்டர் அண்ணே, என் கோலி நல்லவன்தான், 22 வயது, ரிஃப்ளெக்ஸ் 16, ஆனால் இரண்டு வருடமாக ஒரு நம்பர் கூட ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று நான் கேட்டதே இல்லை.

பிசியோ 7. காயப் பட்டியலில் நாலு பேர்.

விற்ற கேப்டனுக்கு லீடர்ஷிப் 19. இப்போது பட்டை இருப்பது ரிஸ்ட் ஷாட் 18 காரனிடம், அவனுக்கு 6. டீச்சர் அக்கா, அந்த நம்பரைப் பார்த்தபோது உங்கள் வேன்தான் ஞாபகம் வந்தது.


மார்த்தாண்டம்_லெட்ஜர்
வியாழன், காலை 7:10

நல்ல ஆடிட். இப்போது செலவு பண்ணுங்கள். சீசன் நடுவில் நல்ல கோச் சும்மா இருக்க மாட்டார், ஆனால் ஐரோப்பிய லீகுகளில் வேலை இல்லாமல் இருப்பவர்களைத் தேடினால் கோலி கோச் கிடைப்பார். வட அமெரிக்காவை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டிக்ஹேண்ட்லிங்காரன் போக வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள், சம்பளத்தில் பாதி வரை நீங்களே கொடுப்பதாக ஏற்றுக்கொண்டு அனுப்பினால் விலை கூடக் கிடைக்கும். அப்படி ஏற்றுக்கொள்வது ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தம் வரைதான், அதையும் மறக்க வேண்டாம். அப்புறம் மொத்த ஒப்பந்தம் 50 தாண்டக் கூடாது, எண்ணிக்கொள்ளுங்கள்.


குளச்சல்_ஸ்ராங்கு
வியாழன், இரவு 11:05

எல்லாரையும் ஒரே நாளில் துரத்திவிடாதே. அதுவும் நான் செய்து பார்த்த தப்புதான். புது ஆட்கள் மொத்தமாக ஏறினால் படகில் யாருக்கும் எந்தக் கயிறு எங்கே என்று தெரியாது. முதலில் கோலி கோச். இரண்டாவது ஸ்கவுட் ஒருத்தன், எதிர்காலம் 15க்குக் குறையாமல், ஐரோப்பா பக்கம் போகிறவன். பிசியோ மூன்றாவது. அசிஸ்டன்ட் கோச்சை இந்த சீசன் முடியும் வரை வைத்துக்கொள், ஃபார்வர்டுக்கு 12 மோசம் இல்லை.

லைனை மாற்றுவதை நிறுத்து. பத்து ஆட்டத்துக்குக் கை வைக்காதே, கை அரித்தால் போய் ஒரு போனை ரிப்பேர் பண்ணு.


வடசேரி_பஸ்ஸ்டாண்டு
ஞாயிறு, இரவு 10:30

ஒரு அப்டேட். கோலி கோச் கிடைத்தார், செக் நாட்டுக்காரர், 17, நான் கொடுக்கிறேன் என்ற சம்பளத்துக்கு உடனே ஒத்துக்கொண்டார். ஸ்கவுட்டுக்கு இரண்டு பேரிடம் கேட்டேன், ஒருத்தர் வேண்டாம் என்றுவிட்டார், இன்னொருத்தர் வந்தார், எதிர்காலம் 15, அவரை ஃபின்லாந்துக்கு அனுப்பிவிட்டேன். கேப்டன் பட்டை இப்போது 31 வயது டிஃபென்ஸ் ஆள் ஒருத்தனிடம், லீடர்ஷிப் 15, வருடத்துக்கு நாலு கோல் அடிப்பவன், போன வாரம் வரை அவனை விற்கிற பட்டியலில் வைத்திருந்தேன். பையன் ஜூனியருக்குத் திரும்பிவிட்டான், எட்டு ஆட்டத்தோடு, லெட்ஜர் அண்ணே.

அடுத்த ஐந்து ஆட்டம்: தோல்வி, தோல்வி, ஓவர்டைமில் தோல்வி, 3-2 வெற்றி, மறுபடி தோல்வி. அட்டவணையில் இன்னும் கீழேதான். ஆனால் அந்த 3-2 இல் கோலி 38 ஷாட்டைத் தடுத்தான். ரிஸ்ட் ஷாட்காரன் இரண்டு கோல், பட்டையைப் பிடுங்கியதற்குக் கோபப்படுவான் என்று நினைத்தேன், மொரால் ஒரு படி ஏறியிருக்கிறது. ஏன் என்று புரியவில்லை.


தக்கலை_பிடி_டீச்சர்
ஞாயிறு, இரவு 10:50

பாரம் இறங்கியிருக்கும்.


பேச்சிப்பாறை_ஷட்டர்
ஞாயிறு, இரவு 11:00

38 தடுத்தானா! நான் என்ன சொன்னேன். கோலி.


சுங்கான்கடை_பானை
ஞாயிறு, இரவு 11:02

அந்த சாயா பந்தயம் என்ன ஆச்சு? கப்பு என்றால் ஸ்டான்லி கப்பா, சாயா கப்பா என்று முதலிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.


குளச்சல்_ஸ்ராங்கு
ஞாயிறு, இரவு 11:40

வெள்ளிக்கிழமை தடை முடிகிறது. படகை இறக்கியாயிற்று, ஐஸ் சனிக்கிழமை அதிகாலை ஏறும், பழைய பையனே திரும்பி வந்துவிட்டான். இனி கரைக்கு வந்தால்தான் நெட்வொர்க். தம்பி, அந்த ஃபின்லாந்து ஸ்கவுட்டின் முதல் ரிப்போர்ட் வந்ததும் இங்கே போட்டு வை, நல்லதோ கெட்டதோ அப்படியே போடு. வந்து பார்க்கிறேன்.